கடை முதலாளியின் நாள் எங்கே ஒழுகுகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருவல்லிக்கேணியில் 19 வருடமாகச் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். ஒரு மினி ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், என்னோடு நான்கு பேர். அச்சில் கறை விழுந்தால் ரோலரா, பிளேட்டா, இங்க்கா, பேப்பரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கோளாறைப் பிடிப்போம். நாள் சரியாக ஓடாதபோது மட்டும் “நேரமே போதலை” என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு, மறுநாளும் அதே மாதிரி ஓடுகிறோம். பத்து வருடம் நானும் அப்படித்தான் ஓடினேன்.

மெஷினைப் பார்ப்பது போலவே நாளையும் பார்க்கலாம். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுக்குப் பொருந்துவது எதுவோ அதற்கு நேரே போங்கள், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன்: மூன்று நாள் குறிப்பு

பழைய பில் புக் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் எழுதுங்கள். வேலை மாறும்போதெல்லாம் மணி, என்ன வேலை, பக்கத்தில் ஓர் எழுத்து. நான் மட்டுமே செய்ய முடிகிற வேலைக்கு “நா”. வேறொருவர் செய்யக்கூடியதற்கு “வே”. செய்யாமலே விட்டிருக்கலாம் என்பதற்கு “தே”, அதாவது தேவையில்லை. ராத்திரி ஞாபகத்திலிருந்து எழுதக்கூடாது. ஞாபகம் நமக்குச் சாதகமாகவே பேசும்.

நான் முதன்முதலில் எழுதிய தாள் இன்னும் கல்லாவில் இருக்கிறது. ஒரு புதன்கிழமை. 9.15க்கு விசிட்டிங் கார்டு ரேட் கேட்டு மூன்று போன், வே. 10 மணிக்கு ஆண்டர்சன் தெருவுக்குக் கிளம்பினேன், இரண்டு ரீம் ஆர்ட் பேப்பர் வாங்க. திரும்பும்போது 1.05. அதுவும் வே. மதியம் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பது) செய்யும் தங்கை ஐந்து முறை சந்தேகம் கேட்க வந்தாள், பாதி நா, பாதி வே. ஒரு பள்ளிக்கூடத்தின் வருட நோட்டு ஆர்டருக்குக் கொட்டேஷன் 4.20க்குத் தொடங்கி 4.35க்கு விட்டுவிட்டேன், நா. ராத்திரி 8.50க்கு மறுபடி எடுத்தேன், முடிக்கவில்லை. அந்த வருடத்திலேயே பெரிய ஆர்டர் அதுதான். 11 மணி நேர உழைப்பில் “நா” என்று எழுதியதைக் கூட்டினால் ஒரு மணி பத்து நிமிடம்.

உங்கள் தாளிலும் “நா” எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். கீழே வரும் எல்லாம் அந்த எண்ணைப் பெரிதாக்கும் வேலைதான்.

அறிகுறி: நாள் முழுக்க ஓடினேன், முடித்தது என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை

கோளாறு பெரும்பாலும் வரிசையில் இருக்கும். எது முதலில் கவுண்டருக்கு வந்ததோ அது முதலில் நடக்கிறது. ஐந்து ரூபாய் ஜெராக்ஸ் கேட்டு நிற்பவர் கண்ணெதிரே நிற்கிறார். ஐம்பதாயிரம் ரூபாய்க் கொட்டேஷன் கண்ணெதிரே நிற்பதில்லை, ஃபைலுக்குள் இருக்கிறது.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஐசனோவர் 1954இல் ஒரு கூட்டத்தில், ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாக இதையே பேசினார்: அவசரமானவை முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமாக இருப்பதில்லை. இதைக் கட்டம் போட்டுச் சொல்லித்தரும் வகுப்புகள் நிறைய இருக்கின்றன. கடையில் நின்றுகொண்டு கட்டம் போட முடியாது. நான் ஒரே கேள்வி கேட்கிறேன்: “இதை இன்று செய்யாவிட்டால் எனக்கு எத்தனை ரூபாய் போகும்?” பதிலை ரூபாயில்தான் சொல்ல வேண்டும். “அவர் கோபப்படுவார்” என்பது பதில் இல்லை. அவர் கோபப்பட்டால் எத்தனை ரூபாய் ஆர்டர் போகும் என்பதுதான் பதில்.

ஷட்டர் இறக்குவதற்கு முன் மறுநாளின் “நா” வேலைகளில் மூன்றை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கல்லாவுக்குள் நோட்டுகளுக்கு மேலே வைத்துவிடுங்கள். காலையில் சில்லறை எடுக்கக் கை போட்டால் அதுதான் முதலில் படும். மூன்றில் ஒன்றையாவது ஷட்டர் முழுசாகத் தூக்கும் முன்பே முடித்துவிடுங்கள். அரை ஷட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முக்கால் மணி நேரம், திறந்த கடையின் மூன்று மணி நேரத்துக்குச் சமம்.

“எங்கள் தெருவில் ஷட்டர் சத்தம் கேட்டாலே ஆள் வந்துவிடுவார்கள்” என்பவர்களுக்கு வேறு வழி உண்டு. கல்யாணப் பத்திரிகை அடிப்பவன் என்பதால் எனக்கு அது தானாகப் பிடிபட்டது: ராகு காலம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வாடிக்கையாளருக்கு இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பத்திரிகை ஆர்டர் கொடுக்க யாரும் படியேற மாட்டார்கள், அட்வான்ஸ் தரமாட்டார்கள். செவ்வாய் 3 முதல் 4.30, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12, சனி 9 முதல் 10.30. திங்கள் 7.30 முதல் 9, அதாவது கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும். ஞாயிறு விடுமுறை. புது வேலை தொடங்கக்கூடாது என்றுதானே சம்பிரதாயம்? பாதியில் கிடக்கும் பழைய வேலையை முடிக்க ஒரு தடையும் இல்லை. கொட்டேஷன், கணக்கு, பாக்கிப் பட்டியல் எல்லாம் நான் இப்போது அந்த நேரத்தில்தான் முடிக்கிறேன். பசங்களுக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “அண்ணா ராகு காலத்துல உட்கார்ந்திருக்காரு” என்றால் அவர்களே கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

நகைக்கடை, பாத்திரக்கடை, கல்யாணப் பத்திரிகைக் கடை நடத்துபவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஜூஸ் கடைக்கும் மெடிக்கலுக்கும் பொருந்தாது. அவர்கள் மூன்று நாள் குறிப்பில் எந்த நேரம் கூட்டம் குறைகிறது என்று பார்த்து, அதில் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

அறிகுறி: போனும் வாட்ஸ்அப்பும் விடுவதே இல்லை

இதற்கு மருந்து எளிது, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். சாதாரண வாட்ஸ்அப்பில் வியாபாரம் செய்துகொண்டிருந்தால் இன்றைக்கே வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறுங்கள். அதே நம்பரில் மாறலாம். கடை நேரம் போட்டுவைத்தால் மற்ற நேரத்தில் தானாகப் பதில் போகும். அடிக்கடி எழுதும் பதில்களை “குவிக் ரிப்ளை”யாகச் சேமித்துவைத்தால் ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் தட்டினால் போதும். ரேட் பட்டியல், கடைக்கு வரும் வழி, ஜிபே நம்பர், “ப்ரூஃப் பார்த்து ஓகே என்று எழுதி அனுப்புங்கள்” என்ற நான்கை நான் முதலில் சேமித்தேன் (ப்ரூஃப் என்றால் அச்சடிக்கும் முன் சரிபார்க்க அனுப்பும் மாதிரி). எனக்கு வரும் மெசேஜில் பாதி இந்த நான்கிலேயே அடங்கிவிடுகிறது.

லேபிள் போடும் வசதியையும் விடாதீர்கள். “ரேட் கேட்டவர்”, “ப்ரூஃப் போயிருக்கிறது”, “டெலிவரி பாக்கி”, “பணம் பாக்கி” என்று நான்கு லேபிள். எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று தேடவே தினமும் அரை மணி நேரம் செலவழித்துக்கொண்டிருந்தேன். இப்போது லேபிளைத் தொட்டால் வரிசையாக வருகிறது.

வாய்ஸ் மெசேஜ் பற்றி ஒரு கண்டிப்பு. பெயர், தேதி, முகவரி, அளவு எதையும் வாய்ஸில் ஏற்காதீர்கள். மூன்று நிமிட வாய்ஸை மூன்று தடவை கேட்டும் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்து 400 பத்திரிகையைத் திரும்ப அடித்திருக்கிறேன். அன்றைக்குப் போனது பேப்பர் காசு மட்டும் இல்லை, ஒரு முழு சாயங்காலம்.

இவ்வளவு செய்தும் போன் அடித்துக்கொண்டே இருந்தால், யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். “என் வேலை ஆச்சா?” என்று கேட்பவர்களே அதிகம் என்றால் கோளாறு போனில் இல்லை, நீங்கள் கொடுக்கும் தேதியில் இருக்கிறது. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: வருகிற வேலை எல்லாமே அவசர வேலையாக இருக்கிறது

“சார், நாளைக்கு சாயங்காலம் வேணும், கொஞ்சம் பார்த்துச் செய்ங்க.” நாமும் “சரி சார், வாங்க” என்கிறோம். மெஷினில் ஏற்கெனவே என்ன காத்திருக்கிறது என்று பார்க்காமலே சொல்கிறோம். அவசரத்தை அவர் கொண்டுவரவில்லை. அவர் ஆசையைத்தான் சொன்னார். அதைத் தேதியாக மாற்றியது நாம்.

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவது மனித இயல்பு. போன தடவை அதே வேலை இழுத்தது தெரிந்திருந்தும் இந்தத் தடவை சீக்கிரம் முடியும் என்றே நம்புவோம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். இதற்குத் தப்பிக்க ஒரே வழி, மனசைக் கேட்காமல் பழைய நோட்டைக் கேட்பது. கடைசியாகச் செய்த ஐந்து பில் புக் ஆர்டர்களை எடுத்துப் பாருங்கள். ஆர்டர் தேதி, டெலிவரி தேதி. எனக்கு “மூன்று நாள்” என்று வாயில் வந்தது, நோட்டில் சராசரி ஆறு நாள். பைண்டிங்கும் நம்பரிங்கும் வாயின் கணக்கில் வருவதே இல்லை.

ஆகவே சுவரில் ஒரு கரும்பலகை. நாளுக்கு ஒரு கோடு, கோட்டில் அன்றைக்கு மெஷின் ஓட வேண்டிய மணி. ஒன்பது மணி நேரம் வேலை நடந்தாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் எந்த நாளிலும் எழுத மாட்டேன். பிளேட் மாற்ற, கழுவ, ப்ரூஃபில் கடைசி நிமிடத் திருத்தம் வந்தால் பார்க்க, திடீர் அவசரத்துக்கு என்று மீதி மூன்று மணி நேரம் வேண்டும். தேதி கேட்டால் பலகையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும், நானாக இருந்தாலும் டிடிபி தங்கையாக இருந்தாலும். வாடிக்கையாளரும் பலகையைப் பார்க்கிறார். அதற்கப்புறம் பேரம் குறைந்துவிடுகிறது.

சென்னைக்கு என்றே பலகையில் கழிக்க வேண்டிய சில கணக்குகள் இருக்கின்றன. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பெரும்பாலும் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2 மணிக்குத்தான் வரும். முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும், பார்த்து எழுதிவையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் ஏறினால் பேப்பர் ஈரத்தை இழுத்து லேசாக விரியும், கலர் மேல் கலர் உட்காராது, இங்க் காயவும் தாமதமாகும். அந்த மூன்று மாதமும் கலர் வேலைக்கு ஒரு நாள் கூட்டித்தான் தேதி கொடுக்கிறேன். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் தி.நகர் பக்கம் டெலிவரிக்குப் போகும் வண்டிக்கு நேரக் கணக்கே கிடையாது. அப்புறம் முகூர்த்த நாட்கள். தை பிறந்தால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். மார்கழியிலேயே கல்யாண வேலை இல்லாத நாட்களில் அட்டை, கவர் ஸ்டாக்கை எடுத்து அடுக்கி வைத்துவிட்டால் தை மாதம் மூச்சு விடலாம். உங்கள் தொழிலில் அது ஆடித் தள்ளுபடியாக இருக்கலாம், ஜூன் மாதப் பள்ளிக்கூடத் திறப்பாக இருக்கலாம். வருடா வருடம் அதே மாதத்தில் வருவதை அவசரம் என்று சொல்லக்கூடாது.

உண்மையான அவசரம் வரும். மறைவுச் செய்தி, பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை எல்லாம் காத்திருக்காது. அதற்குத்தான் அந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றைத் தொடாமல் வைப்பது. காரியப் பத்திரிகைக்கு நான் அவசரக் கட்டணம் வாங்குவதில்லை. மற்ற எந்த அவசரத்துக்கும் 25 சதவீதம் கூடுதல். அதைச் சொன்னவுடன் பாதிப் பேருக்கு “நாளை மறுநாள் போதும் சார்” ஆகிவிடுகிறது.

அறிகுறி: நான் இல்லாவிட்டால் கடையில் ஒன்றும் நடக்காது

இது பெருமையாகச் சொல்லப்படும் நோய். குறிப்பில் “வே” நிறைய இருந்தால் உங்களுக்கு இது இருக்கிறது.

முதலில் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலையைப் போடுங்கள். மாதம் வீட்டுக்கு எடுத்துப்போவது 60,000 ரூபாய் என்று வையுங்கள். 26 நாள், நாளுக்கு 10 மணி, ஆக 260 மணி. ஒரு மணிக்கு 230 ரூபாய். நானே ஆண்டர்சன் தெருவுக்குப் போய் பேரம் பேசி ரீமுக்கு நூறு ரூபாய், இரண்டு ரீமுக்கு இருநூறு மிச்சம் பிடித்துவந்தேன் அல்லவா? மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 690 ரூபாய் செலவழித்து 200 ரூபாய் மிச்சம். இத்தனைக்கும் கிளம்பினால் நாலைந்து கிலோமீட்டர்தான், வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே அரை மணி. இப்போது போனில் சொன்னால் கடைக்காரர் தட்டு ரிக்‌ஷாவில் அனுப்பிவிடுகிறார்.

அடுத்தது, ஆட்கள் ஏன் நம்மையே கேட்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததால் என்று நினைத்தேன். ஒரு நாள் கட்டிங் பார்க்கும் தம்பி, “அண்ணா, இந்த பிளேடு மழுங்கிடுச்சு, சாணை பிடிக்கக் கொடுக்கவா?” என்று கேட்டான். எட்டு வருடமாக அந்த மெஷினைப் பார்ப்பவன் அவன். எனக்கு பிளேடு மழுங்கியது தெரியாது, அவனுக்குத் தெரியும். அப்புறம் ஏன் கேட்கிறான்? நானூறு ரூபாய் செலவுக்கு அவனுக்கு அதிகாரம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை கேட்காமல் கொடுத்ததற்கு நான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டிருக்கிறேன். எனக்கு மறந்துவிட்டது, அவனுக்கு மறக்கவில்லை. அன்றைக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவன் ஒவ்வொரு தடவை கேட்க வரும்போதும் மெஷின் நின்றது, நானும் கையிலிருந்த வேலையை விட்டேன். இதற்குக் காரணம் நான்தான்.

அன்று சாயங்காலமே மூன்று பேரையும் டீ குடிக்க உட்கார வைத்து ஒரு வரம்பு சொன்னேன். 500 ரூபாய் வரை கேட்க வேண்டாம், செலவழித்துவிட்டுச் சீட்டில் எழுதிப் போட்டால் போதும். தப்பானால் நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் மாதம் இரண்டு தப்பு நடந்தது, மொத்தம் 700 ரூபாய் நஷ்டம். வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது மாதம் தப்பில்லை.

எல்லா வேலைக்கும் அதிகாரம் கொடுக்க முடியாது. ப்ரூஃபில் கடைசிக் கையெழுத்து, ரேட் குறைப்பது, பெரிய கடன் கொடுப்பது மூன்றும் என்னிடம்தான். மற்றதற்கு ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி மெஷின் பக்கத்திலேயே ஒட்டினோம். எழுதியது நான் இல்லை, அந்த வேலையைச் செய்பவர்தான். அவர் எழுதினால்தான் புதிதாக வருபவருக்குப் புரிகிறது.

சந்தேகங்களுக்கு ஒரு நேரம் வையுங்கள். காலை 11, மாலை 5. அதுவரை தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஐந்து மணிக்குள் பாதிச் சந்தேகத்துக்கு அவர்களே விடை கண்டுபிடித்திருப்பார்கள்.

அறிகுறி: 20ஆம் தேதி நெருங்கினால் வயிற்றைக் கலக்குகிறது

ஜிஎஸ்டி வேலை மாதத்தில் ஒரு நாள் வேலை என்று நினைப்பதுதான் கோளாறு. அது வாரத்தில் அரை மணி நேர வேலை.

தேதிகளைக் கடைக் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள். மாதா மாதம் தாக்கல் செய்பவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) 11ஆம் தேதி, 3பி (வரி கட்டும் கணக்கு) 20ஆம் தேதி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்து காலாண்டு முறையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் ஜிஎஸ்டிஆர்-1 13ஆம் தேதி, தமிழ்நாட்டுக்கு 3பி 22ஆம் தேதி. காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் வரியை மட்டும் அடுத்த மாதம் 25க்குள் கட்டிவிட வேண்டும். பிஎஃப், இஎஸ்ஐ இருந்தால் 15. ஜிஎஸ்டி தாக்கல் தேதி தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாத மாதத்துக்கு 20 ரூபாய். உச்சவரம்பு உண்டு. கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி தனி.

சனிக்கிழமை ராகு காலம் எனக்கு இந்த வேலைக்கு. அந்த வாரம் வந்த கொள்முதல் பில்களை எடுத்து, நம் ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, போட்டோ பிடித்துக் கணக்கருக்கு அனுப்பிவிடுவேன். நாம் கொள்முதலில் கட்டிய வரி 14ஆம் தேதி உருவாகும் 2பி-யில் (நாம் கழித்துக்கொள்ளக்கூடிய கொள்முதல் வரியின் பட்டியல்) வந்திருக்கிறதா என்று அவர் ஒப்பிட்டுச் சொல்வார். வராத பில்லின் வரியை அந்த மாதம் கழிக்க முடியாது, கைப்பணத்தைத்தான் கட்ட வேண்டும்; விற்றவரை உடனே கூப்பிட்டுச் சொன்னால் அடுத்த 2பி-யிலாவது வரும். 19ஆம் தேதி ராத்திரி கண்டுபிடித்தால் அந்தப் பணத்தைப் புரட்டவும் நேரம் இருக்காது.

அறிகுறி: வேலை ஓடுகிறது, பணம் வருவதில்லை, கேட்கவும் நேரமில்லை

நேரமில்லை என்று சொன்னாலும் உண்மையில் கேட்கக் கூச்சம்தான். எனக்கும் அதுதான் இருந்தது. கூச்சப்படும் வேலைக்கு நேரம் தானாகக் கிடைக்காது, அதைக் கட்டிப்போட வேண்டும். செவ்வாய் 3 மணி, பாக்கிப் பட்டியல், கதவு சாத்தியிருக்கும்.

பட்டியலைப் பெயர் வரிசையில் போடாதீர்கள். தொகையையும் நாளையும் பெருக்கி வரிசைப்படுத்துங்கள். 40,000 ரூபாய் 60 நாளாக நிற்பது மேலே, 3,000 ரூபாய் 90 நாளாக நிற்பது கீழே. என் பட்டியலில் 31 பெயர் இருந்தபோது மேலே இருந்த ஐந்து பேரிடம் மட்டுமே முக்கால்வாசிப் பணம் இருந்தது. நானோ தெருவில் கண்ணில் படுகிறவர்களிடம் எல்லாம் ஆயிரம் இரண்டாயிரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேசும்போது காரணம் சொல்ல வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். “ஐயா வணக்கம். உங்க 212ஆம் நம்பர் பில், 38,400 ரூபாய், போன மாசம் 4ஆம் தேதியே வந்திருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுவீங்களா?” என்று நாளைச் சொல்லிக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் ஒரு தேதி சொல்வார். அவர் முன்னாலேயே எழுதிக்கொள்வது போல அதைத் திருப்பிச் சொல்லுங்கள்.

பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்பவர்கள் உத்யம் என்னும் மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்திருக்க வேண்டும். இணையத்தில் இலவசம், இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: கெடுவுக்குள் தராத தொகையை அவர்கள் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் மார்ச் மாதத்தில் அவர்களின் கணக்குப் பிரிவே நமக்குப் போன் செய்கிறது. பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர்கள் உத்யம் பதிவை வங்கிக் கடனுக்குத்தான் பயன்படுத்த முடியும்.

அறிகுறி: பட்டியல் போடுகிறேன், அது நீண்டுகொண்டே போகிறது

நான்கு வாரமாக நகராமல் இருப்பதை அடித்துவிடுங்கள். உண்மையிலேயே வேண்டியதாக இருந்தால் திரும்ப வரும்.

அறிகுறி: ஞாயிற்றுக்கிழமையும் கடையில்தான்

கடை ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. முதலாளிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. என் மகள் ஆறாம் வகுப்பில் மேடையேறிய அன்று நான் ஒரு அரசியல் போஸ்டர் வேலையில் இருந்தேன். அந்தப் போஸ்டருக்கு எவ்வளவு கிடைத்தது என்று நினைவில்லை. அவள் பரதத்துக்குக் கட்டியிருந்த புடவையின் நிறத்தைப் போட்டோவில்தான் பார்த்தேன்.

ஞாயிறு திறப்பதற்குக் காரணம் வருமானம் என்றால், நான்கு ஞாயிற்றுக்கிழமை கல்லாவைத் தனியாக எண்ணி, கரண்டும் கூலியும் கழித்துப் பாருங்கள். எனக்கு வந்தது ஒரு சுமாரான செவ்வாய்க்கிழமையில் பாதி. காரணம் வருமானம் இல்லை, வார நாளில் முடியாத வேலை என்றால், மேலே உள்ள முதல் மூன்று அறிகுறிகளில் ஒன்று இன்னும் சரியாகவில்லை. ஒரேயடியாக மூட பயமாக இருந்தால் முதல் மாதம் மதியம் ஒரு மணிக்கு மூடுங்கள். திருவல்லிக்கேணி பெரிய தெருவில் நான்தான் முதலில் அப்படி மூடினேன். வாடிக்கையாளர் யாரும் போய்விடவில்லை, சனிக்கிழமை வந்தார்கள்.

அறிகுறி: எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், அப்படியும் போதவில்லை

ஒரு மாதம் கழித்து மூன்று நாள் குறிப்பை மறுபடி எழுதுங்கள். “நா” நான்கு மணி நேரத்தைத் தொட்டும் கையில் காசும் நேரமும் இல்லையென்றால், கோளாறு நேரத்தில் இல்லை, விலையில் இருக்கிறது. குறைந்த ரேட்டுக்கு நிறைய வேலை எடுப்பவனுக்கு 24 மணி நேரமும் பத்தாது.

போன மாதத்தின் எல்லா வேலைகளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் கிடைத்த லாபத்தை அதற்குப் போன மொத்த மணியால் வகுத்துப் பாருங்கள். நான் செய்தபோது கல்யாணப் பத்திரிகை மணிக்கு 600 ரூபாய்க்கு மேல் நின்றது. நூறு தாள் நோட்டீஸும், ஒன்றிரண்டு பில் புக்கும் மணிக்கு 90 ரூபாய். என் ஆட்களின் கூலிகூட அதில் வரவில்லை. அந்தச் சின்ன வேலைகள்தான் என் நாளில் பாதியைத் தின்றுகொண்டிருந்தன. பழகியவர்கள் என்பதால் ஆறு வருடமாக அவர்களுக்கு ரேட் ஏற்றவே இல்லை.

பில் புக்குக்குக் குறைந்தது ஐந்து புத்தகம் என்று வைத்து ரேட்டையும் ஏற்றினேன். சொல்வதற்கு முன் ராத்திரி தூக்கம் வரவில்லை. வழக்கமாக வருபவர்கள் ஏழு பேர். இரண்டு பேர் வேறு இடம் போனார்கள். மீதி ஐந்து பேரும் ஐந்தைந்து புத்தகமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அதில் ஒருவர் “இதை முன்னாடியே சொல்லியிருந்தா நானும் மாசா மாசம் அலையாம இருந்திருப்பேனே” என்றார். அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் பள்ளிக்கூட நோட்டுக் கொட்டேஷனை முழுசாக உட்கார்ந்து எழுதி, நான்கு மணிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.